பின்சீட்டுக்கு ஒரு ஹெல்மெட்

இது நடந்த கதை. "யாரோ சொன்னார்கள், அவருக்கு வேறு யாரோ சொன்னார்கள்" என்கிற ரகம் இல்லை. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, வண்டி நம்பர் இருக்கிறது, போலீஸ் எடுத்த இரண்டு போட்டோவும் இருக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் சுடுகாடு கிடையாது, புளியமரம் கிடையாது, நடுராத்திரி கிடையாது. எல்லாமே பட்டப்பகலில், நாலு பேர் போய்வருகிற ரோட்டில் நடந்தது. இருட்டினால்தான் பேய் வரும் என்று நம்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு படுக்கிற ஆளாக இருந்தால் நீங்கள் பாவம்.

நடந்தது ஸ்ரீஹரிக்கு. திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். வயது முப்பத்து மூன்று. பொய் சொல்ல வராத ஆள். பிரேக் ஷூ மாற்ற வேண்டும் என்று வருகிறவனிடம் "இன்னும் ஆறு மாசம் ஓடும், போங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவன். இப்படி ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்பதே பேய்க் கதைதான் என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

அவன் மனைவி யுவராணி. சின்னாளப்பட்டிப் பெண். சுங்குடிப் புடவைக்கு முடிச்சுக் கட்டுகிற வேலை அவளுக்கும் அவள் அம்மா ராக்கம்மாளுக்கும். வெள்ளைத் துணியைக் கடுகளவு கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அப்புறம் சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் டப், டப்பென்று தெறித்து அவிழும். உள்ளே வெள்ளைப் புள்ளி இருக்கும். யுவராணி அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. இருபத்தேழு வயது வரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. டிவியில் பார்த்ததோடு சரி. கல்யாணமாகி நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்ரீஹரிக்குக் கடை இருந்தது, ஆயுத பூஜை இருந்தது, மழை இருந்தது. நாலு தடவை தள்ளிப்போட்டான். கடைசியில் போன வருஷம் குடியரசு தினத்துக்கு நாள் குறித்தான். ஒரே நாளில் மலையும் கடலும். விடிய சிறுமலை ஏறி இறங்கி, நத்தம், காரைக்குடி வழியாகத் தொண்டி. அங்கேயிருந்து கடலோரமாகவே தேவிபட்டினம். ராமநாதபுரம், மதுரை வழியாக வீடு.

"எதுக்கு அம்புட்டுத் தூரம் சுத்திக்கிட்டு? நேரா ராமநாதபுரம் போகலாம்ல?" என்று அவள் கேட்டாள்.

"நீ ஒருபக்கமா உக்கார்றவ. ஒன் மொகம் எடது பக்கம் இருக்கும். தொண்டியில இருந்து தெக்க போனாத்தான் கடலும் எடது பக்கம் வரும். அம்பது கிலோமீட்டர் கழுத்தத் திருப்பாமப் பாத்துக்கிட்டே வரலாம்."

அன்றைக்குப் பூராவும் அவள் அதையே நினைத்து நினைத்துச் சிரித்தாள். கடலுக்குக் கட்டிக்கொண்டு போகத் தனக்கென்று ஒரு புடவைக்கு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். மெரூன் சாயம் போடுவதாக இருந்தாள். முந்தானை மூலையில் ஒரு சாண் இடம் பாக்கி இருக்கும்போதே ஜனவரி இருபத்தாறு வந்துவிட்டது. பச்சைப் புடவையில் கிளம்பினாள். தலை நிறையக் கனகாம்பரம்.

"ஹெல்மெட் போடு" என்றான் ஸ்ரீஹரி.

"பூ நசுங்கிரும்ங்க."

"சரி விடு" என்று சொல்லிவிட்டான்.

அந்த "சரி விடு"வை அவன் ஒரு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறான். அன்றைக்கு அவன் கடையில் பதினாறு ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தன. விற்பதற்கு.

மலையேறி, பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவு வரை போய், டீ குடித்து, இறங்கினார்கள். பதினோராவது வளைவில் ஒரு குரங்குக்குட்டி குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்தான். மணல். வேகம் முப்பதுகூட இல்லை. வண்டி சும்மா படுத்தது, அவ்வளவுதான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. யுவராணியின் தலை ஓரத்துச் சுவரில் இடித்திருந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. எழுந்து உட்கார்ந்தாள். தலையைத் தடவிப் பார்த்தாள்.

"பூ விழுந்துருச்சாங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. மணி ஏழு நாற்பத்தெட்டு.

ராக்கம்மாள் மருமகனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பேச்சையே நிறுத்திவிட்டாள். வாய்க்கு வாய் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அந்தச் சொல்லையே மறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். மகள் விட்டுப்போன புடவையை அப்படியே சாயத்தில் முக்கிக் காயவைத்து, முடிச்சு அவிழ்க்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அந்த ஒரு சாண் மூலையை அவள் தொடவில்லை.

அஸ்தியை அணைப்பட்டியில், வைகையில் கரைத்தார்கள். ஆறெல்லாம் கடலுக்குத்தானே போகும், எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று ஸ்ரீஹரி தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆறு மாசம் கழித்து, ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் கடையில் வண்டியை விட்டுவிட்டுப் பேச்சுவாக்கில் சொன்னார். வைகை எங்கே கடலுக்கு வருகிறது? எங்கள் ஊர்ப் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். வெள்ளம் வந்தால்தான் மிச்சம் மீதி போகும். ஸ்ரீஹரி கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. செத்தும் அவளைப் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறேனே என்று அழுதான்.

அவளைக் கடல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இந்த வருஷம் ஜனவரி இருபத்தைந்து சாயங்காலம் சின்னாளப்பட்டிக்குப் போனான். வாசலிலேயே நின்றான்.

"நாளைக்குக் கடலுக்குப் போறேன் அத்தை. அவளுக்குச் சொன்ன அதே ரோட்டுல."

ராக்கம்மாள் எழுந்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மெரூன் பொட்டலத்தைக் கொண்டுவந்து, அவன் கையில் தராமல், தரையில் வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"முடிச்சு அவுக்கல. முந்தி மூல வெறுமையா இருக்கும். அவ முடிக்கல."

ஒரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவன் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான். அதுவும் சுவரிடம் பேசியது.

மறுநாள் காலை 5.50. அதே பழைய யூனிகார்ன் பைக். அன்றைக்கு வளைந்த ஃபுட்ரெஸ்ட்டைக்கூட அவனே நிமிர்த்தியிருந்தான். கிளம்பும்போது கடையைத் திறந்து ஒரு சின்ன சைஸ் ஹெல்மெட்டை எடுத்தான். அதுவும் மெரூன். வண்டியின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டினான். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. புடவை இருந்த பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

வேடபட்டி தாண்டியபிறகுதான் கவனித்தான். பையை மார்பில் மாட்டியிருந்தான். பின்னால் ஆள் உட்கார்ந்தால்தான் பையை முன்னால் மாட்டுவது வழக்கம். தனியாகப் போகிறவன் முதுகில்தான் மாட்டுவான். பழக்கதோஷம் என்று நினைத்தான். மாற்றலாம் என்று கையெடுத்தான். மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டான்.

மலை முழுக்கப் பனி. ஏறும்போது பதினோராவது வளைவில் அவன் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. 7.15-க்கு உச்சி. அதே டீக்கடை. ஒரு டீ. வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக இறங்கிப் போனது. மேகம் விலகி, கீழே திண்டுக்கல் சமவெளி முழுக்க வெயில் விழுந்தது. போன வருஷம் யுவராணி இதே இடத்தில் நின்று, எங்கள் தெரு எது, எங்கள் வீடு எது என்று விரல் நீட்டிக் கேட்டிருந்தாள். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

7.35-க்கு இறங்க ஆரம்பித்தான். பதினேழு... பதினாறு... பதினைந்து... ஒவ்வொரு வளைவுக்கும் போர்டு இருக்கிறது.

பதினோராவது வளைவு. வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வா, போகலாம்" என்றான். சும்மா, வாய்க்கு வந்தது.

டக்.

இடது பக்கம், பின்னால். மடித்து வைத்த ஃபுட்ரெஸ்ட் இறங்குகிற சத்தம். ஒரு நாளைக்கு நாற்பது வண்டியில் அவன் கேட்கிற சத்தம்.

அப்புறம் வண்டி அமுங்கியது. நெக்... என்று. ஒரு அங்குலம் இருக்கும். பின்பக்க ஷாக் அப்சார்பர் இறங்கி, செட்டானது.

ஹேண்டில் பக்கத்தில் மாட்டியிருந்த போனில் மணி 7.48.

ஸ்ரீஹரி மெக்கானிக். எத்தனை கிலோ ஏறினால் அந்த வண்டி எவ்வளவு அமுங்கும் என்று அவனுக்குத் தெரியும். பத்து கிலோ மூட்டைக்கு இப்படி அமுங்காது. அவனைப் போல ஆம்பளை ஏறினால் இதைவிட அதிகமாக அமுங்கும். இந்த அளவு அவனுக்கு நன்றாகத் தெரிந்த அளவு. நாலு வருஷம் தெரிந்த அளவு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். யாராவது இருந்தால் என்ன செய்வது என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று. இடது பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தான். வண்டியை மெதுவாக உருட்டினான்.

8.52. நத்தம். குடியரசு தினத்துக்குப் போலீஸ் நிறைய நின்றது. ஒரு கான்ஸ்டபிள் அவன் கடந்து போனதும் போனைத் தூக்கிப் பின்னாலிருந்து போட்டோ எடுத்ததை வலது கண்ணாடியில் பார்த்தான். தன் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிறது. எடுத்துக்கொள்ளட்டும் என்று போய்விட்டான்.

நத்தம் தாண்டிக் கொட்டாம்பட்டி ரோட்டில் ஒரு பஞ்சர் கடை. காற்று பார்க்க நிறுத்தினான். மணி 9.20. கடைக்காரர் தஹ்சீன் பாய், அறுபது வயது. ஸ்ரீஹரி இறங்கி, சைடு ஸ்டாண்டு போட்டுத் தள்ளி நின்றான். பாய் பின்பக்க டயரில் கேஜை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"காத்து சரியாத்தான் இருக்கு தம்பி. இருவத்தொம்பது."

"சரிங்க பாய்."

"அப்பறம் ஏன் டயரு இப்பிடிப் பிதுங்குது?"

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பின்சீட்டில் ஒன்றும் இல்லை. வெறும் சீட். கீழே டயர் ஆள் உட்கார்ந்த மாதிரி பிதுங்கி நின்றது. இரண்டு பேருமே டயரோடு காலம் தள்ளுகிறவர்கள்.

பாய் சீட்டைப் பார்த்தார். கொக்கியில் தொங்குகிற சின்ன ஹெல்மெட்டைப் பார்த்தார். ஸ்ரீஹரியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஹோஸைச் சொருகி முப்பத்து மூன்று வரைக்கும் ஏற்றினார். இரண்டு பேருக்கு உள்ள காற்று.

"எம்புட்டு பாய்?"

"வேணாம்." கையை உதறினார். "பள்ளத்துல விடாமப் போங்க தம்பி."

ஸ்ரீஹரி அதற்குப் பிறகு பள்ளத்தில் விடவே இல்லை.

சிங்கம்புணரி போனது. திருப்பத்தூர் போனது. 10.41. ரோட்டில் யாரும் இல்லாத ஒரு இடம். இரண்டு பக்கமும் பொட்டல், வெயில்.

டப்.

செயின் என்று நினைத்தான். செயின் இல்லை. வால்வு இல்லை. வண்டியில் எந்த நட்டு எப்படிக் கத்தும் என்று தெரிந்தவன் அவன்.

டப்... டப்.

சத்தம் வண்டியிலிருந்து வரவில்லை.

அவன் மார்பிலிருந்து வந்தது.

பையிலிருந்து...

உள்ளே மடித்து வைத்த துணி. இழுக்க ஆள் இல்லை. முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக. காரைக்குடி வரைக்கும் முப்பது எண்ணினான். தேவகோட்டையில் எண்ணுவதை விட்டுவிட்டான். திருவாடானை தாண்டியதும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஆகிவிட்டது. காற்றில் உப்பு வாசம் வர வர, சத்தம் கூடிக்கொண்டே போனது.

டப்டப்... டப்... டப்டப்டப்...

1.10. தொண்டி. தெற்கே திரும்பினான். இடது பக்கம் கடல்.

சத்தம் நின்றது.

சுத்தமாக நின்றது.

அவன் மூச்சும் நின்றது.

பின்னால் பாரம் கொஞ்சம் அசைந்தது. காலை நீட்டி, புடவையைச் சரி செய்து, வசதியாக உட்கார்ந்தால் வண்டி எப்படி அசையுமோ அப்படி அசைந்தது. இடது தோள்பட்டையில்... இல்லை, அதைப் பற்றி ஸ்ரீஹரி யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

காலையில் இருந்த பயம் அந்த நேரத்தில் போய்விட்டது. வேறு பயம் வந்தது. இறங்கிவிடுவாளோ என்ற பயம். டீக்கு நிறுத்தவில்லை, தண்ணீருக்கு நிறுத்தவில்லை. முப்பத்தைந்தில் போனான். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இரண்டு காலையும் ஊன்றி, தள்ளுவண்டி மாதிரித் தாண்டினான். பின்னால் வந்த கார்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். திட்டட்டும்.

அந்தப் பக்கத்துக் கடலில் அலையே கிடையாது. கண்மாய் மாதிரி சும்மா கிடக்கும். படகுகள் ஆடாமல் நின்றன. கரையில் வலை காய்ந்தது.

"அலை இல்லாத கடல் இது. டிவியில பாத்த மாதிரி இருக்காது. கோவிச்சுக்காத" என்றான்.

பாரம் மட்டும் இருந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. இந்த ரோடு முடியாமலே போனால் தேவலாம் என்று நினைத்தான். ரோடு எங்கேயும் முடியாமல் இருக்காது.

3.05. தேவிபட்டினத்துக்கு முன்னால் ஆள் இல்லாத ஒரு கரையில் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "இறங்கு" என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்து நிமிஷம்...

பதினைந்து நிமிஷம்...

3.24.

நெக்.

சீட் மேலே வந்தது. ஒரு அங்குலம்.

வண்டி லேசாகிவிட்டது. அவன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாய்விட்டு அழுதான். போன வருஷம் ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

அழுது முடித்துப் பையைத் திறந்தான். புடவையில் ஒரு முடிச்சுகூட மிச்சம் இல்லை. மெரூன் துணி முழுக்க வெள்ளைப் புள்ளி. பைக்குள் அடியில் ஒரு கைப்பிடி நூல் துணுக்கு. முந்தானை மூலையில் மட்டும் ஒரு சாண் இடம் வெறும் மெரூனாக இருந்தது. ராக்கம்மாள் சொன்னபடியே. அதை விரலால் தடவிப் பார்த்தான்.

முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய்ப் புடவையை விட்டான். அது விரிந்து, மெதுவாக நகர்ந்து, நனைந்து, கீழே போனது. கண்ணை எடுக்காமல் கடைசி நுனி வரைக்கும் பார்த்தான்.

திரும்பி வந்து, கொக்கியில் இருந்த சின்ன ஹெல்மெட்டைக் கழற்றி, பின்சீட்டில் வைத்தான்.

"அன்னைக்கே நான் விட்டிருக்கக் கூடாது. பூ நசுங்கினா நசுங்கிட்டுப் போகுதுன்னு சொல்லியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன் யுவா."

கொஞ்ச நேரம் காத்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. ஹெல்மெட்டை மறுபடி கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். சேர்த்தாகிவிட்டது, இனி தன்னைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை என்ற வெறுப்பில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். வண்டி காற்றாகப் பறந்தது. பின்னால் பாரமே இல்லை.

இரவு 8.10-க்கு வீடு. கொக்கியிலிருந்து சின்ன ஹெல்மெட்டைக் கழற்றும்போது பார்த்தான். திறந்து தொங்கவிட்டிருந்த அதன் வார் பூட்டியிருந்தது. சின்ன தாடைக்குத் தகுந்த மாதிரி இறுக்கிப் பூட்டியிருந்தது. உள்ளே பஞ்சு ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தான். உப்பு. கடற்கரையில் வைத்தோமே, தண்ணீர் தெறித்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தெறிக்க அங்கே அலை ஏது?

இதோடு முடிந்திருந்தால், பெண்டாட்டியை இழந்தவன் துக்கத்தில் ஏதோ கண்டான் என்று நீங்களும் நானும் சமாதானமாகப் போய்விடலாம்.

பிப்ரவரி 4. கடையில் ஒரு ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தபோது போனில் மெசேஜ் வந்தது. போக்குவரத்து அபராதம். வண்டி நம்பர் அவனுடையது. இடம் நத்தம், நேரம் காலை 8.52. குற்றம்: பின்னிருக்கையில் அமர்ந்தவர் தலைக்கவசம் அணியவில்லை.

அவன் லிங்கைத் தொட்டான். போட்டோ திறந்தது.

அவன் முதுகு. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிற பெண். பச்சைப் புடவை. தலை நிறையக் கனகாம்பரம். கொக்கியில் சின்ன ஹெல்மெட் சும்மா தொங்குகிறது.

கடையை அப்படியே போட்டுவிட்டுச் சின்னாளப்பட்டிக்குப் பறந்தான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது இரண்டாவது மெசேஜ். அதே ஜனவரி 26. பரமக்குடிக்கு முன்னால், மாலை 5.17. அதிவேகம், மணிக்கு 94. அதன் போட்டோவை அவன் திறக்கவில்லை. திறக்கத் தெம்பு இல்லை.

ராக்கம்மாள் வாசலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீஹரி போனை அவள் முன்னால் தரையில் வைத்தான். அவள் முதல் போட்டோவைப் பார்த்தாள். கையில் இருந்த நூல் நழுவியது. ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"இன்னொண்ணு வந்திருக்கு அத்தை. அது அவ கடல்கிட்ட எறங்குனதுக்கு அப்பறம் எடுத்தது. நான் மட்டுந்தான் இருப்பேன். பாக்க முடியல."

அவளே திறந்தாள்.

அவள் முகம் மாறியது. இரண்டு விரலால் போட்டோவைப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசாக்கினாள். கொஞ்சம் நகர்த்தினாள். உதடு அசைய எதையோ எண்ணினாள்.

"அத்தை?"

போனை அவன் பக்கம் திருப்பினாள்.

பின்னாலிருந்து எடுத்த போட்டோ. அவன் குனிந்து வண்டியை முறுக்குகிறான். அவனுக்குப் பின்னால் அவள் இருக்கிறாள். ஒருபக்கமாக. மெரூன் சுங்குடி, நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. கடலில் அவன் கையால் விட்ட புடவை. முந்தானை மட்டும் காற்றில் விரிந்து பறக்கிறது. அதன் மூலை நன்றாகத் தெரிகிறது. அந்த ஒரு சாண் இடம்...

நிறைய வெள்ளைப் புள்ளி.

"இது நான் கட்டுனதில்ல" என்றாள் ராக்கம்மாள். "எனக்கு இம்புட்டு நெருக்கமாக் கட்ட வராது. இது அவ கை."

ஸ்ரீஹரி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது அபராதம் வேகத்துக்கு மட்டும்தான். பின்னால் இருந்தவளுக்கு அபராதம் இல்லை. போட்டோவில் வண்டியின் கொக்கி காலியாக இருந்தது. மெரூன் ஹெல்மெட் அவள் தலையில் இருந்தது. வார் பூட்டியிருந்தது.

இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள். ராக்கம்மாள் எழுந்துபோய் அவனுக்குச் சோறு போட்டாள். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் அவன் தின்ற முதல் சோறு. மூன்று மணிக்குக் கிளம்பினான். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் டக்கென்று ஒரு சத்தம். அவன் ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் நின்ற ராக்கம்மாள், அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மெதுவாப் போங்க மாப்ள. பின்னாடி ஆள் இருக்கு."